புரவிக்கும் புலவர்க்கும் படியளந்தோர்

பாடி வந்த புலவர்க்குப் புரவியும் தேரும் களிறும் ஈந்த வள்ளல்களைச் சங்கப் பாடல்களிற் பயின்றிருக்கிறோம். வகுப்பறையில் மாணவர்க்கும் எடுத்துரைக்கிறோம். ஆயினும், பரிசிலாகப் பெற்ற அப்புரவியைத் தம் சிற்றூருக்கு நடத்திச் சென்ற புலவர், மறுநாட் காலையில் அதன் புல்லுக்கும் கொள்ளுக்கும் என் செய்தார் என்று நாம் கேட்பதில்லை. யானையைப் பரிசிலாகப் பெற்றவர் பாடு அதனினும் கடினம்! ஈகையைப் பாடிய இலக்கியம் பராமரிப்பைப் பாடவில்லை. குதிரை நாள்தோறும் தின்னும் உயிர். புலவரும் நாள்தோறும் உண்ணவேண்டியவரே. இவ்விருவர்க்கும் படியளப்பவர் யார் என்னும் வினா, அரசவைகள் மறைந்த பின்னர் உலகின் பல மூலைகளிலும் எழுந்தது. அவ்விரு வினாக்களும் ஒரே வாழ்வில் வந்து கூடியதற்குச் சான்றாக விளங்குபவர், அமெரிக்காவின் அற்புதப் புனைகதை எழுத்தாளர் ஜூடித் டார் என்னும் அம்மையார். அவரை முன்னிறுத்தி, புரவிக்கும் புலமைக்கும் உணவிட்ட கைகள் மாறிவந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜூடித் டார் 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். இலத்தீனும் ஆங்கிலமும் பயின்று, கேம்பிரிட்ஜிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பு முடித்து, இடைக்கால ஐரோப்பிய ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றோர் பலர் போல் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடாமல், தாம் கற்ற வரலாற்றைக் கதையாக்கினார். இடைக்கால வரலாற்றை மாயத்தோடு கலந்து புனைந்த ‘தி ஐல் ஆஃப் கிளாஸ்’ என்னும் அவரது முதல் நாவல் 1985இல் வெளிவந்தது. அதனை முதலாகக் கொண்ட மூன்று நூல்களின் தொகுதிக்கு 1987இல் வில்லியம் கிராஃபோர்டு விருது கிடைத்தது. அலெக்சாந்தர் எகிப்து புகுந்த காலத்தைச் சொல்லும் ‘லார்டு ஆஃப் தி டூ லேண்ட்ஸ்’ 1993இல் வெளியாகி, உலக அற்புதப் புனைகதை விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இவை ஒருபுறமிருக்க, அரிசோனா மாநிலத்து டூசான் நகரின் அருகே, பாலைநிலத்தில், லிப்பிசான் என்னும் வெண்புரவி இனத்தை வளர்ப்பவரும் அவரே. 

லிப்பிசான் குதிரையின் கதையே ஒரு நெடிய வரலாறு. இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்துக்கு அண்மையில், இன்று சுலோவீனியா நாட்டில் உள்ள லிப்பிகா என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில், ஆஸ்திரியாவின் இளவரசர் இரண்டாம் கார்ல் 1580இல் ஒரு குதிரைப் பண்ணையை நிறுவினார். ஸ்பெயின் நாட்டுக் குதிரைகளைக் கொணர்ந்து அங்கு இனம் பெருக்கினர். அரசர் ஏறுவதற்கும், அரசவை விழாக்களில் ஆடுவதற்கும் உரிய புரவிகளை உருவாக்குவதே நோக்கம். வியன்னா அரண்மனையில் 1729க்கும் 1735க்கும் இடையே இக்குதிரைகளுக்கென்றே தூண்கள் சூழ்ந்த மாளிகையொன்று எழுந்தது. மேலே சரவிளக்கு, கீழே மணல். நடுவே வெண்புரவிகள் இசைக்கேற்ப அடிபெயர்த்தன. உலகம் அதனை ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்றழைக்கிறது.

இக்குதிரைகளின் பெயர்முறை தமிழாசிரியர்க்குச் சுவை தரக்கூடியது. புளூட்டோ, கான்வெர்சானோ, ஃபேவரி, நியபொலித்தானோ, சிக்லவி, மைஸ்டோசோ என ஆறு தந்தைவழிக் குலங்கள். பிறக்கும் ஆண் குட்டி தன் குலமுதல்வன் பெயரை முன்னும் தாயின் பெயரைப் பின்னுமாகச் சுமக்கிறது. தந்தையின் பெயரே போதும் என்று மனிதர் பலர் எண்ணியிருந்த நூற்றாண்டுகளில், குதிரைக்குத் தாயின் பெயரும் இன்றியமையாததாக இருந்தது! வேறொரு விந்தையும் உண்டு. வெண்புரவி என்று புகழப்படும் இது பிறக்கும்போது வெண்மையன்று. கருமையாகவோ கரும்பழுப்பாகவோ பிறந்து, ஆறு முதல் பத்து ஆண்டுகளில் படிப்படியாக வெளுக்கிறது. 

1918இல் ஆஸ்திரியப் பேரரசு சரிந்தது. மன்னர் இல்லை, மன்னரின் கருவூலம் இல்லை. அரண்மனையின் ஆடம்பரம் என்று பெயர்பெற்ற குதிரைகளுக்குப் பசித்திருந்த வியன்னா எதற்காகத் தீனியிட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது இயல்பே. லிப்பிகா பண்ணை இத்தாலியின் ஆட்சிக்குட்பட்டது, குதிரைகள் பங்கிடப்பட்டன, ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த பங்கு 1920இல் பீபெர் என்னும் ஊரில் குடியேறியது. பள்ளியைக் காத்தது ஓர் எளிய வழி. அரசவையார்க்கென்று இருந்த ஆட்டத்தைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டத் தொடங்கினர். முன்னர் ஒரு மன்னர் தந்ததை இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிய பல்லாயிரவர் சிறுகச் சிறுகத் தந்தனர். வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் இந்த மாற்றமே இக்கட்டுரையின் நடுப்புள்ளி என்பேன். ஏனெனில், இதே மாற்றம் எழுத்தாளர் வாழ்விலும் நேர்ந்தது. அதுவும் இருமுறை நேர்ந்தது.

அதற்கு முன் குதிரைகளின் கதையைச் சற்றே முடித்துவிடுவோம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் இவ்வினத்தின் பெண்குதிரைகளைச் செக் நாட்டின் ஹோஸ்தாவ் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றனர். 1945 ஏப்ரலில், கிழக்கிலிருந்து சோவியத் படை நெருங்கிய வேளையில், அங்கிருந்த ஜெர்மானிய அலுவலர்கள் பகைவராகிய அமெரிக்கரோடு இரகசியமாகப் பேசி, குதிரைகளைக் காக்குமாறு வேண்டினர். ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்கக் குதிரைப்படை மரபில் வந்த ஒரு படைப்பிரிவு அவ்வூரைக் கைக்கொண்டது. அடுத்த மாதம் குதிரைகள் மேற்கே கொண்டுசெல்லப்பட்டன. மே 7ஆம் நாள், பள்ளித் தலைவர் அலொயிஸ் பொதாய்ஸ்கி, தளபதி பேட்டன் முன்னிலையில் ஆண்குதிரைகளின் ஆட்டத்தை நிகழ்த்தி, பாதுகாப்பு வேண்டினார். போர்க்களத்தில் ஒரு கலைஞர் தம் கலையைக் காட்டிப் பரிசில் வேண்டிய காட்சி அது. புறநானூறு பயின்ற நமக்கு அது புதுமையாகத் தோன்றாது. பள்ளி தன் வியன்னா மாளிகைக்கு மீளப் பத்தாண்டுகள் ஆயின, 1955இல்தான் திரும்பியது.

ஜூடித் டாரின் கதைகளில் குதிரை வெறும் ஊர்தியன்று. 1989இல் வெளிவந்த ‘எ விண்ட் இன் கெய்ரோ’ என்னும் நாவலில், தீநெறியில் திரிந்த ஓர் இளைஞன் சாபத்தால் ஆண்குதிரையாகி, பெண்ணொருத்தியின் கைக்கடிவாளத்துக்குப் பணிகிறான். கெய்ட்லின் பிரென்னன் என்ற புனைபெயரில் 2004இல் அவர் எழுதிய ‘தி மவுண்டன்ஸ் கால்’ என்னும் நாவல் இன்னும் சுவையானது. வெண்புரவிகளே தெய்வங்களாக வாழும் ஒரு மலை. அவற்றை ஊரும் உரிமை ஆடவர்க்கே உண்டு. அம்மலையின் அழைப்பு ஒரு பெண்ணின் காதில் விழுகிறது. அவள் ஆண் வேடம் புனைந்து புறப்படுகிறாள். வியன்னாப் பள்ளியின் நிழல் இக்கதையில் விழுந்திருப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நூல் வெளிவந்த ஆண்டில் அப்பள்ளியில் பெண் மாணவர் எவரும் இலர். தோன்றிய காலந்தொட்டு ஆடவரையே பயிற்றிவந்த அப்பள்ளி, 2008இல்தான் இரு பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. கதை வரலாற்றை நான்காண்டுகள் முந்திக்கொண்டது. கதையால் அம்மாற்றம் விளைந்தது என்று நான் கூறவில்லை. முந்திக்கொண்டது என்பதே என் மகிழ்ச்சி.

இனி எழுத்தாளர்க்குப் படியளந்த கைகளைக் காண்போம். இங்கிலாந்தில் பிரபுக்களை அண்டிப் பிழைத்த புலவர், அவ்வாசலில் காத்திருக்கும் அவமதிப்பிலிருந்து மீள்வதற்குக் கண்ட வழி முன்பதிவு. எழுதப்போகும் நூலுக்கு வாசகர் முன்கூட்டியே பணந்தந்து பெயரைப் பதிந்துகொள்வர். நூல் வெளிவரும்போது அப்பெயர்ப்பட்டியலும் முகப்பில் அச்சாகும். 1617இல் ஜான் மின்ஷு என்பவரின் பன்மொழி அகராதி இம்முறையில் வெளிவந்தது. முறையைப் பெரும்பொருளாக்கிக் காட்டியவர் கவிஞர் அலெக்சாந்தர் போப். கிரேக்கப் பெருங்காப்பியமாகிய இலியத்தை அவர் 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக மொழிபெயர்த்து வெளியிட்டார். தொகுதிக்கு ஒரு கினி. பதிந்தோர் ஏறத்தாழ 575 பேர். அதனால் அவருக்குக் கிட்டிய வருவாய் ஐயாயிரம் பவுன் அளவிலாயது என்பர். எந்தப் பிரபுவின் வாசலிலும் நில்லாமல் தேம்ஸ் ஆற்றங்கரையில் சொந்தத் தோட்டத்தோடு வாழ அது வழிவகுத்தது.

ஆனால் முன்பணம் வாங்குவது எளிது. எழுதி முடிப்பது அரிது. அகராதி வேந்தர் சாமுவேல் ஜான்சன், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்புக்கு 1756இல் முன்பதிவு தொடங்கினார். ஆண்டுகள் ஓடின, நூல் வரவில்லை. சார்ல்ஸ் சர்ச்சில் என்னும் கவிஞர் இதனைக் கவிதையிலேயே எள்ளி நகையாடினார். ஒன்பதாண்டுகளுக்குப் பின், 1765இல் நூல் வெளிவந்தபோது பதிந்தோர் பட்டியல் அதில் இல்லை. பட்டியலும் தொலைந்தது, பணமும் செலவாயிற்று என்று ஜான்சனே ஒப்புக்கொண்டதாக அவர் வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். மேதையாயினும் கடன் கடனே!

தமிழுலகிற்கும் இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டிய வரலாற்றைத் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். சுவடிகளைத் தேடி அலைந்ததற்கு ஈடாகக் கையொப்பக்காரரைத் தேடியும் அவர் அலைந்திருக்கிறார். நம் நாட்டிலும் நூல் வெளியீட்டு விழா மேடையில் உறையிலிட்டு நீட்டப்படும் தொகையே அச்சகத்தின் கடனைத் தீர்ப்பதை நாம் அறிவோம். நூலின் விலையைக் காட்டிலும் உறையிலுள்ள தொகை பெரிதாக இருப்பின், அது நூலுக்குத் தந்ததன்று, எழுத்தாளர்க்குத் தந்தது. இவ்வேற்றுமையை நினைவிற் கொள்க.

மேலைநாட்டில் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் பதிப்பகங்கள் வலுப்பெற்றன. பதிப்பகமே முன்பணம் தந்தது. கையெழுத்திடும்போது ஒரு பகுதி, கைப்படியை ஒப்படைக்கும்போது ஒரு பகுதி, நூல் வெளிவரும்போது ஒரு பகுதி எனப் பிரித்துத் தரும் வழக்கம் ஏற்பட்டது. வாசகர் திரைக்குப் பின்னே மறைந்தார். ஜூடித் டார் எழுதத் தொடங்கிய 1980களில் அமெரிக்க அற்புதப் புனைகதைக்கு அது நல்ல காலம். பின்னர்ப் பெருங் கடைத்தொடர்கள் எழுந்தன. ஓர் எழுத்தாளரின் சென்ற நூல் எத்தனை படிகள் விற்றதென்று கணிப்பொறியில் பார்த்து, அடுத்த நூலுக்கு அதனினும் குறைவாகவே கட்டளையிட்டன. புகழின் உச்சியிலும் இல்லாமல், அறியப்படாதவராகவும் இல்லாமல் நடுவரிசையில் நின்ற எழுத்தாளர் நூலுக்கு நூல் தேய்ந்தனர். பழைய பெயரின் விற்பனைக் கணக்கிலிருந்து தப்புவதற்காகப் புதுப்பெயர் சூடிக்கொண்டோரும் பலர். அரசவை சரிந்ததுபோலவே இதுவும் ஒரு சரிவு. ஓசையின்றி நேர்ந்ததனால் எவரும் அதற்கு ஆண்டு குறிக்கவில்லை.

வாசகர் மீண்டும் திரைக்கு வெளியே வந்தது இதன் பின்னரே. 2000ஆம் ஆண்டில் ஸ்டீபன் கிங், ‘தி பிளாண்ட்’ என்னும் தொடர்கதையை இணையத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். படிப்போரில் நூற்றுக்கு 75 பேர் பணம் செலுத்தினால் தொடர்வேன் என்றார். நான்காம் பகுதியளவில் செலுத்தியோர் பாதிக்கும் கீழே இறங்கினர். ஆறாம் பகுதியோடு கதை நின்றது. 2009இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் அமைப்பு தோன்றியது. எழுத்தாளர் ஓர் இலக்குத் தொகையும் கெடுவும் குறிப்பார். கெடுவுக்குள் இலக்கு நிறைந்தால் மட்டுமே பணம் கைக்கு வரும். ஒரு வெள்ளி குறைந்தாலும் ஒன்றும் வராது. 2013இல் வந்த பேட்ரியான் வேறு வகை. அங்கு வாசகர் மாதந்தோறும் சிறு தொகை அளிப்பர். போப் கண்ட முன்பதிவே மின்வடிவில் மீண்டது எனலாம்.

ஜூடித் டாரின் ‘லிவிங் இன் திரீஸ்’ (2012), ‘ஃபர்காட்டன் சன்ஸ்’ (2015) ஆகிய நாவல்கள் இவ்வாறு வாசகர் பொருளுதவியால் உருவானவை. எழுத்தாளர்கள் 2008இல் கூட்டுறவாகத் தொடங்கிய புக் வியூ கஃபே அவற்றை வெளியிட்டது. முன்னது, தற்காலப் பெண்ணொருத்தியையும் பண்டை எகிப்தியப் பெண்ணொருத்தியையும் எதிர்காலப் பெண்ணொருத்தியையும் ஒரே இழையில் கோப்பது. பின்னது விண்வெளிக் கதை. வரலாற்றுக் கதை எழுதுபவர் என்று கடைக்காரர் ஒரு தட்டில் வைத்துவிட்ட எழுத்தாளர், தட்டுவிட்டுத் தட்டு தாவுவதைப் பதிப்பகங்கள் எளிதில் விரும்புவதில்லை. வாசகரோ தட்டைப் பார்த்தா படிக்கிறார்? அவர் எழுத்தாளரைப் பார்த்துப் பணம் தருகிறார். வாசகர் நிதியின் முதற்பயன் இவ்விடுதலையே என்பது என் துணிபு.

ஆயினும் விடுதலைக்கும் விலையுண்டு. அதனை அளந்து காட்ட, குதிரையினும் சிறந்த அளவுகோல் இல்லை. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். தண்ணீர் முப்பது லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நாற்பது பாகை வெயில் கொளுத்தும் அரிசோனாக் கோடையில் இன்னும் கூடுதலாக வேண்டும். மொத்தமாகப் போட்டுவிட்டு எழுதப் போகவும் இயலாது. குதிரையின் இரைப்பை உடலுக்குச் சிறியது. சிறிது சிறிதாகப் பலமுறை தின்பதே அதன் இயல்பு. அதனால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆகவே வயிற்றுவலி கண்டால் அது உயிருக்கே உலையாகலாம். நள்ளிரவில் ஒரு குதிரை படுத்துப் புரண்டால், மறுநாள் ஒப்படைக்கவேண்டிய அத்தியாயம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். இலாயத்தில் குவியும் இலத்தியை நாள்தோறும் அள்ள வேண்டும். சினையுற்ற குதிரை பதினொரு மாதம் சுமக்கும். பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பாலைநிலத்துக் கோடையில் குதிரைப் பணிகளை விடியலிலேயே முடித்தாக வேண்டும். நாள் முழுவதும் எழுத்துக்குக் கிடைக்கும் என்றெண்ணினால், வாசகர் நிதி தன் பங்கைக் கேட்கிறது. இலக்குத் தொகை கணக்கிட வேண்டும்; பணந்தந்தோர்க்கு நடப்பை அறிவிக்க வேண்டும்; அச்சுக்கூலி, அஞ்சற்செலவு, வரி, இடைநின்ற அமைப்பு பிடித்துக்கொள்ளும் நூற்றுக்கு ஐந்து ஆகியவற்றைக் கழித்து எஞ்சியதில்தான் எழுதிய காலத்துக்குக் கூலி. பதிப்பகத்தில் பலர் பகிர்ந்து செய்த வேலைகள் அனைத்தும் ஒருவர் தலையில் வந்து இறங்குகின்றன.

அப்படியானால் குதிரை எழுத்துக்குத் தடையா? ஜூடித் டாரின் நூல்களைக் காணும்போது அவ்வாறு சொல்லத் தோன்றவில்லை. 2010இல் அவர் ‘ரைட்டிங் ஹார்சஸ்’ என்னும் கைந்நூலை வெளியிட்டார். கதைகளிற் குதிரையைப் பிழையின்றிச் சித்திரிப்பது எப்படி என்று எழுத்தாளர்க்குச் சொல்லும் நூல் அது. நாள் முழுவதும் ஓயாமல் பாய்ந்தோடி, தின்னாமலும் குடியாமலும் களைக்காமலும் கதைத்தலைவனைச் சுமக்கும் புரவிகள் எல்லா மொழிக் கதைகளிலும் உண்டு. தமிழ் வரலாற்று நாவல்களில் அவை சற்று மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை! இலாயத்தில் நாள்தோறும் நின்றவர்க்கே அப்பிழை கண்ணில் உறுத்தும். எழுத்துக்குச் செலவாகாமற் போன பொழுது எழுத்திலேயே திரும்பிவந்து சேர்ந்த கணக்கு இது.

வாசகர் நிதியைப் பற்றிப் பேசுவோர் பிரான்டன் சாண்டர்சன் பெயரை எடுத்துக்காட்டுவதுண்டு. 2022 மார்ச்சில் அவர் நான்கு நாவல்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் திரட்டிய தொகை நான்கு கோடி வெள்ளிக்கு மேல், அமெரிக்க வெள்ளி. தந்தோர் 185,000 பேருக்கு மேற்பட்டவர். வியக்கலாம், ஆயினும் அதனை வழக்கமென்று மாணவர்க்குக் காட்டுதல் தகாது. முன்னரே பல இலட்சம் வாசகரைப் பெற்றிருந்த ஒருவரின் அறுவடை அது. நடுவரிசை எழுத்தாளர்க்கு வாய்ப்பது சில நூறு பெயர்களே. போப்புக்கு வாய்த்ததும் 575 தான் என்பதை எண்ணும்போது, அச்சில நூறு சிறிய எண்ணாகத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்றே: போப்பின் பட்டியலில் இருந்தோர் பெரும்பாலும் பிரபுக்களும் செல்வரும், இன்றைய பட்டியலில் இருப்போர் மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளி ஒதுக்குவோர்.

அதே 2022ஆம் ஆண்டின் இறுதியில், லிப்பிசான் குதிரை வளர்ப்பு மரபை ஐரோப்பிய நாடுகள் எட்டின் கூட்டு மரபாக ஏற்று, மாந்த இனத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. பிறந்த நாட்டில் இத்தகைய பெருமை எய்திய இனம், டூசான் அருகே முட்செடிகளும் கள்ளிகளும் சூழ்ந்த நிலத்தில், வியன்னாவைக் கண்டிராத குட்டிகளை ஈன்று வளர்ந்துள்ளது. அக்குட்டிகள் கருமையாகப் பிறந்தன. ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக வெளுத்தன. அங்கே எழுதப்பட்ட கதைகளுக்குத் தொகை அனுப்பிய வாசகருள் பெரும்பாலோர் அந்த இலாயத்தை நேரிற் கண்டவரல்லர்.